கட்டற்றது

தலைவர் டியோனீசியஸ் கேட்ட முதற் கேள்வி விலை.
இரண்டாவது கேள்வி இருக்கவில்லை.

கட்டற்ற மென்பொருள், என்றேன்.
காசு கட்டத் தேவையற்றது, என்று
கூட்டக் குறிப்பில் எழுதினார் செயலாளர்.
அடுத்த விடயம்: ஐஸ் அறையின் கூரை ஒழுக்கு.

குருநகரில் கடற்றொழிலாளர் சங்கத்தின் மேல்மாடி.
மூன்று கணினிகள். ஒன்றுதான்
காலையில் முரண்டு பிடிக்காமல் எழும்பும்.
இறக்குவதற்கு என் சொந்த டேட்டா, நாலு ஜிபி;
அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை.
வழிகாட்டியின் மூன்றாம் பக்கம் போர்த்துக்கேய மொழியில்.
ஐந்தாம் பக்கம் எழுதப்படவே இல்லை.
"மிச்சம் தானாக விளங்கும்" என்றொரு வரி மட்டும்.
எனக்கு விளங்க ஒன்பது இரவு பிடித்தது.
ஆறாவது இரவு, சேமிக்க முதல், கரண்ட் போனது.

நானூற்றுப் பன்னிரண்டு அங்கத்தவர்.
மண்ணெண்ணெய்க்கு ஒரு நிரல், ஐஸுக்கு ஒன்று,
வலைக்கு, கழிவுக்கு, கோயிலுக்கு.
கடலுக்கு ஒரு நிரல் போடச் சொல்லி
ஒருவரும் கேட்கவில்லை.

அச்சடித்த முதல் நாள்
கொன்சலற்றாவின் கொம்பு கழன்று
அடுத்த வரியில் கிடந்தது.
சௌந்தரநாயகி இரண்டாக உடைந்தா.
பெலிசித்தம்மாவுக்கு முன்னால்
புள்ளிகளால் ஆன ஒரு வெறும் வட்டம்.

வங்கி மூன்று காசோலைகளைத் திருப்பியது.
இந்தப் பெயரில் ஆளில்லையாம்.
ஆள் கீழே நின்றா,
நீலப் பெட்டிக்குள் றால் எண்ணிக்கொண்டு.

சும்மா வந்தது சும்மாதான் இருக்கும் என்று
செயலாளர் கொழும்புக் கொம்பனியின் விலைப்பட்டியலை
மேசையில் வைத்தார். வருடத்துக்கு ஆறு லட்சம்.
மாதிரித்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்:
அங்கேயும் கொம்பு கழன்றுதான் இருந்தது.

பிறகு உள்ளே இறங்கினேன்.
பூட்டில்லாத வீடு அது,
அறைக்கு அறை லைற் எரியுது, ஆட்கள் இல்லை.
அடியில், நாற்பது வரி. அதற்கு மேலே
பதின்மூன்று வருடப் பழைய குறிப்பு:

"இந்த எழுத்துகளை எனக்கு வாசிக்கத் தெரியாது.
ஊகித்து எழுதியிருக்கிறேன். மன்னியுங்கள்.
தெரிந்தவர் திருத்துங்கள். ஒன்ட்ரேய்."

கம்பஸில் நான் ஒப்படை எழுதியதும்
முதற் சம்பளம் எடுத்ததும்
இந்த ஆளின் ஊகத்தின் மேல் நின்றுதான்.
தெரிந்தவள் நான்.
ஒரு சதம் அனுப்பவில்லை. ஒரு கொம்பு திருத்தவில்லை.

மூன்று கிழமை எடுத்தது.
கொ: கண்ணுக்கு மூன்று, எந்திரத்துக்கு இரண்டு,
வாய்க்கு ஒன்று.
அனுப்பி இருபது நாள் கழித்துப் பதில்:
நன்றி. இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது.
இரவு வேலை வேறு. இந்தப் பகுதியை
இனி நீங்கள் பார்ப்பீர்களா?

ஓம் என்று எழுதிவிட்டேன்.
எவ்வளவு சின்னச் சொல்.

இப்போது கடிதங்கள் எனக்கு வருகின்றன.
கோலாலம்பூரில் ஒரு கொம்பனிக்கு நாளைக்கே வேணும்.
மட்டக்களப்பில் ஒருவர் கேட்கிறார், நித்திரையா?
பெயர் போடாத இன்னொருவர் தூசணத்தில் எழுதியிருந்தார்.
அந்தச் சொல்லில் கொம்பு
சரியான இடத்தில் நின்றது.

வருடாந்தப் பொதுக்கூட்டம். அறிக்கை, பக்கம் எட்டு.
மென்பொருட் செலவு: 0.00.
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்,
கொஞ்சம் பிந்தி.

கொன்சலற்றா காசை மாற்றிக்கொண்டு
மூச்சு வாங்க மேலே ஏறி வந்தா.
"பிள்ளை சும்மாதானே இருக்கிறீர்,
மகன்ர விசாப் போமையும் ஒருக்கா நிரப்பித் தாருமன்."

நிரப்பிக் கொடுத்தேன்.

இரவு, பழைய குறிப்பை அழிக்கப் போன கை
அழிக்கவில்லை. அதன் கீழே எழுதினேன்:

"தெரிந்தவள் திருத்தினேன்.
ஸ்ரீ இன்னும் இரண்டு விதமாக விழுகிறது.
மன்னியுங்கள்.
அனற்றா, குருநகர்."